முள் காட்டும் வேகம் மெய்தானா?

உங்கள் வீட்டில் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று இருக்கலாம். மைசூரில் 1996 வரை உற்பத்தியான யெஸ்டியாகவோ, அதே ஆண்டில் நின்றுபோன யமஹா ஆர்.எக்ஸ். 100 ஆகவோ, தாத்தா ஓட்டிய ராஜ்தூத்தாகவோ அது இருக்கலாம். எஞ்சின் இன்னும் நன்றாகவே ஓடும். ஆனால் ஹெட்லைட்டுக்கு மேலே இருக்கும் வேகமானி மட்டும் செத்துக் கிடக்கும். உதிரிபாகக் கடைக்குப் போனால், "அந்த மீட்டர் இப்ப வர்றதில்லை தம்பி, இதை மாட்டிக்குங்க" என்று பளபளப்பான வேறொன்றை எடுத்து வைப்பார்கள். மாட்டிப் பார்க்கிறீர்கள். திருகு பொருந்துகிறது, கேபிள் பொருந்துகிறது, வண்டி நகர்ந்ததும் முள்ளும் அழகாக எழுகிறது. வேலை முடிந்தது என்று நினைக்கிறோம்.

முடியவில்லை. அந்த முள் காட்டும் எண் மெய்யா என்ற கேள்வி பாக்கி இருக்கிறது. செத்துப்போன மீட்டரை நாம் நம்புவதில்லை. ஓடிக்கொண்டே பொய் சொல்லும் மீட்டரை நம்பிவிடுகிறோம். எது அதிக ஆபத்து என்று நீங்களே சொல்லிவிடலாம்.

காந்தமும் கிண்ணமும்

இது விளங்க வேண்டுமானால் வேகமானியின் உள்ளே எட்டிப் பார்க்க வேண்டும். சக்கரத்திலிருந்து வரும் கேபிளுக்கும் நீங்கள் பார்க்கும் முள்ளுக்கும் இடையே நேரடியான இயந்திரத் தொடர்பு கிடையாது! கேபிளின் முனையில் ஒரு காந்தம் சுழல்கிறது. அதைத் தொடாமல், மிக நெருக்கமாக, ஓர் அலுமினியக் கிண்ணம் கவிந்திருக்கிறது. முள் அந்தக் கிண்ணத்தின் அச்சில் பொருத்தப்பட்டுள்ளது. அலுமினியத்தைக் காந்தம் ஈர்க்காது என்பது பள்ளியில் படித்த பாடம். அப்படியானால் கிண்ணம் ஏன் திரும்புகிறது?

காந்தம் சுழலும்போது கிண்ணத்தின் ஒவ்வொரு பகுதியிலும் காந்தப்புலம் மாறிக்கொண்டே இருக்கிறது. மாறும் காந்தப்புலம் உலோகத்தில் மின்னோட்டத்தைத் தூண்டும். கம்பி எதுவும் இல்லாததால் அம்மின்னோட்டம் உலோகத்துக்குள்ளேயே சுழித்து ஓடுகிறது. இதுவே சுழல் மின்னோட்டம். அது தானும் ஒரு காந்தப்புலத்தை உண்டாக்கி, சுழலும் காந்தத்தின் பின்னாலேயே கிண்ணத்தை இழுத்துச் செல்ல முயல்கிறது. சுழலும் செப்புத் தட்டுக்கு மேலே தொங்கும் காந்த ஊசி தட்டோடு சேர்ந்து திரும்புவதை 1824ஆம் ஆண்டு வாக்கில் பிரெஞ்சு அறிஞர் அராகோ கண்டார். காரணம் அவருக்குப் புலப்படவில்லை. 1831இல் மின்காந்தத் தூண்டலைக் கண்டறிந்த ஃபாரடே அதை விளக்கினார். அதன்பின் 70 ஆண்டுகள் கழித்து, 1902இல், அப்போது ஜெர்மனியின் ஆட்சியில் இருந்த ஸ்ட்ராஸ்பர்க் நகரப் பொறியாளர் ஓட்டோ ஷூல்ட்ஸே இந்தத் தத்துவத்தில் இயங்கும் வேகமானிக்குக் காப்புரிமை கோரினார். உங்கள் வண்டியில் இருப்பது அதன் வழித்தோன்றல்தான்.

இதன் சாயலை வீட்டிலேயே காணலாம். வலிமையான சிறு காந்தம் ஒன்றை நிமிர்த்திப் பிடித்த அலுமினியக் குழாய்க்குள் போடுங்கள். கல்லைப் போல விழாமல், எண்ணெயில் இறங்குவது போல மெதுவாக இறங்கும்.

கிண்ணத்தின் மேல் ஏற்படும் இழுப்பு, காந்தம் சுழலும் வேகத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும். கடிகாரத்தில் உள்ளதைப் போன்ற ஒரு மெல்லிய சுருள்வில் அதை எதிர்த்து நிற்கிறது. இரண்டும் சமமாகும் இடத்தில் முள் நிற்கும். வேகம் இரட்டித்தால் முள் திரும்பும் கோணமும் இரட்டிக்கும். முகப்பில் எண்கள் சம இடைவெளியில் இருப்பது இதனால்தான். ஒரு சிறு நுட்பத்தையும் சொல்லிவிடுகிறேன். அலுமினியத்தின் மின்தடை ஒவ்வொரு டிகிரி வெப்பத்துக்கும் சுமார் 0.4 விழுக்காடு கூடும். கவனிக்காமல் விட்டால் ஊட்டியின் அதிகாலையில் ஒரு வேகமும் வேலூரின் நண்பகலில் வேறொரு வேகமும் காட்டும். ஆகவே நல்ல மீட்டர்களில் காந்தத்தின் அருகே நிக்கல்-இரும்புக் கலவையாலான துண்டு ஒன்றை வைக்கிறார்கள். அது காந்தப்புலத்தின் ஒரு பகுதியைத் தன் வழியாகத் திருப்பிவிடும். வெப்பம் ஏறினால் அது திருப்புவது குறையும். கிண்ணத்துக்குப் போகும் பங்கு கூடும். இழந்தது ஈடாகிவிடுகிறது.

ஓடிய தூரத்தைக் காட்டும் எண்சக்கரங்களுக்கு இந்தக் கிண்ணத்தோடு சம்பந்தமில்லை. அவை கேபிளின் சுழற்சியைப் பல்சக்கரங்கள் மூலம் நேராக எண்ணுகின்றன. இந்த வேறுபாட்டை நினைவில் வையுங்கள். நோயைக் கண்டறிய இதுவே வழி. முள்ளும் தூர எண்ணும் இரண்டுமே நின்றிருந்தால் மீட்டரைக் குற்றம் சொல்லாதீர்கள். கேபிள் அறுந்திருக்கும், அல்லது சக்கரத்தில் உள்ள பல்சக்கரம் தேய்ந்திருக்கும். எண்கள் ஓடி முள் மட்டும் கிடந்தால் கிண்ணமோ சுருள்வில்லோ கெட்டிருக்கிறது. முள் ஓடி எண்கள் நின்றால் உள்ளே ஒரு சிறு பல்சக்கரம் போயிருக்கும். முள் நடனமாடினால் பெரும்பாலும் எண்ணெய் வற்றிய அல்லது மடங்கிய கேபிள்தான். சில ரூபாய் செலவில் தீரும் அந்த வேலைக்காக நல்ல மீட்டரைத் தூக்கி எறிந்தவர்கள் உண்டு.

கேபிளும் மீட்டரும் ஒரு ஜோடி

சரி, மீட்டர் உண்மையாகவே போய்விட்டது. வேறொன்று வாங்குகிறீர்கள். இங்கேதான் கவனம் தேவை. மீட்டருக்குக் கிலோமீட்டர் தெரியாது. அதற்குத் தெரிந்தது கேபிளின் சுற்று மட்டுமே. ஒரு கிலோமீட்டருக்குக் கேபிள் 1400 முறை சுற்றும் என்று எண்ணிச் செய்த மீட்டர், அப்படிச் சுற்றும் வண்டியில்தான் சரியாகக் காட்டும். ஜப்பானிய மோட்டார் சைக்கிள்களில் 1400 என்ற எண் பரவலாக உண்டு. வேறு எண்களுக்குச் செய்யப்பட்ட மீட்டர்களும் கடைகளில் கலந்தே கிடக்கின்றன. பல ஐரோப்பிய மீட்டர்களின் முகப்பில் சிறிய எழுத்தில் 'டபிள்யூ' என்று போட்டு, பக்கத்தில் ஒரு தசம எண் அச்சிட்டிருக்கும். ஒரு மீட்டர் தூரத்துக்குக் கேபிள் எத்தனை சுற்று என்பதே அது. 1.4 என்றால் கிலோமீட்டருக்கு 1400.

உங்கள் வண்டியின் எண்ணை நீங்களே கண்டுபிடிக்கலாம். கேபிள் முன் சக்கரத்திலிருந்து வருகிறது என்று கொள்வோம். டயரில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, ஒருவரை வண்டியில் உட்காரவைத்து, கோடு மறுபடி தரையைத் தொடும்வரை உருட்டி, தூரத்தை அளவுங்கள். 19 அங்குலச் சக்கரத்தில் 3.25 டயர் போட்ட புல்லட்டில் இது ஏறத்தாழ 2 மீட்டர் வரும். அப்படியானால் கிலோமீட்டருக்குச் சக்கரம் 500 சுற்று. பிறகு முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி நிறுத்துங்கள். மீட்டரிலிருந்து கழற்றிய கேபிளின் உட்கம்பி முனையில் ஒரு துண்டுக் காகிதத்தைக் கொடி போல ஒட்டுங்கள். சக்கரத்தைக் கையால் 10 சுற்று சுற்றி, கொடி எத்தனை முறை சுற்றுகிறது என்று எண்ணுங்கள். 28 என்று வந்தால், சக்கரத்தின் ஒரு சுற்றுக்குக் கேபிள் 2.8 சுற்று. 500ஐ 2.8ஆல் பெருக்க, 1400.

இரண்டு எண்களும் ஒத்துப்போகாவிட்டால் என்ன ஆகும்? கேபிள் 1400 சுற்றும் வண்டியில், 1000 சுற்றுக்கான மீட்டரை மாட்டினால், 60இல் போகும்போது முள் 84 காட்டும். பயந்து மெதுவாகப் போவீர்கள், அவ்வளவே. மாறாக, கேபிள் 1000 சுற்றும் வண்டியில் 1400க்கான மீட்டர் இருந்தால், முள் 60இல் நிற்கும்போது வண்டி 84 கி.மீ. வேகத்தில் பறந்துகொண்டிருக்கும். இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்வது. 84க்கும் 60க்கும் உள்ள விகிதம் 1.4. அதன் இருமடி 1.96. அதாவது பிரேக் அடக்க வேண்டிய ஆற்றல் ஏறக்குறைய இரண்டு மடங்கு! நொடிக்கு நொடி 6 மீட்டர் வீதம் வேகம் குறையும்படி பிரேக் பிடித்தால், 60இல் 23 மீட்டரில் நிற்கும் வண்டி, 84இல் 45 மீட்டர் ஓடித்தான் நிற்கும். மாடு குறுக்கே வரும்போது இந்த 22 மீட்டரை யாரிடம் கடன் வாங்குவது?

இதனால்தான் வேகமானி பற்றிய ஐ.நா.வின் 39ஆம் ஒழுங்குவிதி ஒரு பக்கம் சாய்ந்தே எழுதப்பட்டுள்ளது. காட்டும் வேகம் உண்மை வேகத்துக்குக் கீழே ஒருபோதும் போகக் கூடாது. மேலே ஓரளவு போகலாம். புது வண்டிகளில் முள் சற்றுக் கூடுதலாகவே காட்டுவதன் இரகசியம் இதுதான்.

எண் பொருந்தாவிட்டால் மீட்டரைக் கடையில் மாற்றிக்கொள்வதே எளிது. இல்லையேல் கேபிளுக்கும் மீட்டருக்கும் இடையே விகிதத்தைத் திருத்தும் சிறு பல்சக்கரப் பெட்டியை வைக்கலாம்.

கிலோமீட்டர் கல்லே சாட்சி

எதை மாட்டினாலும் சோதிக்காமல் நம்பாதீர்கள். சோதனைக்குப் பணம் வேண்டாம். கிலோமீட்டர் கல் நட்ட, கூட்டமில்லாத நெடுஞ்சாலையும், பின் இருக்கையில் கடிகாரத்துடன் ஒரு நண்பரும் போதும். முள்ளை 60இல் நிறுத்தி ஓட்டுங்கள். கடிகாரத்தைப் பார்ப்பது நண்பரின் வேலை. உங்கள் கண் சாலையில் இருக்கட்டும். ஒரு கல்லிலிருந்து அடுத்த கல்லுக்கு 60 நொடி ஆனால் மீட்டர் உத்தமன். 3600ஐ நொடிகளால் வகுத்தால் கிடைப்பதே உண்மை வேகம். 43 நொடியில் கல் வந்துவிட்டால் நீங்கள் 84ஐ ஒட்டிப் போகிறீர்கள். கற்கள் சில இடங்களில் நகர்த்தி நடப்பட்டிருக்கும். ஆகவே நான்கைந்து கற்களுக்குப் பார்த்துச் சராசரி எடுங்கள். கைப்பேசியில் செயற்கைக்கோள் வழி வேகம் காட்டும் வசதி இருந்தால் நண்பர் அதையும் ஒப்பிடலாம். நேரான சாலையில் ஒரே வேகத்தில் போகும்போது மட்டும் அதை நம்புங்கள். வேகம் கூடும்போதும் குறையும்போதும் அது சற்றுப் பின்தங்கும்.

இப்போது பலர் விரும்புவது எண்களாக ஒளிரும் மின்னணு மீட்டர். இதில் கேபிளே இல்லை. சக்கரத்தில் ஒட்டிய சிறு காந்தம் ஒவ்வொரு சுற்றிலும் உணரியைக் கடந்து ஒரு துடிப்பைத் தரும். துடிப்புகளுக்கு இடைப்பட்ட நேரத்திலிருந்து மீட்டர் வேகத்தைக் கணக்கிடும். சக்கரத்தின் சுற்றளவை மில்லிமீட்டரிலும் காந்தங்களின் எண்ணிக்கையையும் நாம் பதிவு செய்ய வேண்டும். சாக்பீஸ் கோடு இங்கேயும் உதவுகிறது. கடைக்காரர் வேறொரு வண்டிக்குப் போட்ட எண்ணோடு அப்படியே ஓட்டினால், பழைய கதைதான்.

மின்னணு மீட்டருக்கு இன்னொரு கண்டம் உண்டு. பழைய வண்டிகள் பலவற்றில் ஹெட்லைட்டுக்கும் மீட்டர் விளக்குக்கும் மின்சாரம் பாட்டரியிலிருந்து வருவதில்லை. எஞ்சினில் உள்ள சுருளிலிருந்து மாறுதிசை மின்னோட்டமாகவே வருகிறது. எஞ்சின் முறுக்கும்போது அழுத்தம் எகிறும். பல்பு தாங்கும். மின்னணு மீட்டருக்குப் பாட்டரியின் நேர்திசை மின்னோட்டமே வேண்டும். பழைய மீட்டர் பல்புக்குப் போன கம்பியை அப்படியே இதில் முடுக்கினால் முதல் பயணத்திலேயே கருகலாம்.

சாதாரண விளக்கா அது?

மற்ற மீட்டர்களுக்கும் ஜோடிப் பொருத்தம் உண்டு. எஞ்சின் சுழற்சியைக் காட்டும் மின்னணு டாக்கோமீட்டர் தீப்பொறித் துடிப்புகளை எண்ணுவது. சுற்றுக்கு இரண்டு பொறி என்று அமைத்த டாக்கோமீட்டரைச் சுற்றுக்கு ஒரு பொறி தரும் எஞ்சினில் மாட்டினால், 5000 சுற்று 2500 ஆகத் தெரியும். பெட்ரோல் மீட்டர் இன்னும் வேடிக்கை. தொட்டியில் மிதவையோடு சேர்ந்த மின்தடையைத்தான் அது அளக்கிறது. அமெரிக்க வாகனங்களில் பரவலான ஒரு முறையில் காலித் தொட்டிக்கு 240 ஓம், நிறைந்ததற்கு 33 ஓம். மற்றொரு முறையில் காலிக்கு 0, நிறைவுக்கு 90. இரண்டையும் கலந்து மாட்டினால், பெட்ரோல் தீரத் தீர முள் 'நிறைவு' நோக்கி ஏறும்!

எச்சரிக்கை விளக்குகளை எல்லோரும் அலட்சியமாக மாற்றுகிறார்கள். 1969 முதல் வந்த காற்றுக் குளிர்ப்பு பி.எம்.டபிள்யூ. இரட்டை சிலிண்டர் வண்டிகளைப் பாருங்கள். அவற்றின் மீட்டர் கூட்டில் 'சார்ஜ்' விளக்கு ஒன்று உண்டு. பார்வைக்கு 3 அல்லது 4 வாட் பல்பு. ஆனால் மின்னாக்கியின் சுழலும் சுருளுக்கு முதல் காந்தத்தன்மையைக் கொடுக்கும் மின்னோட்டம், கால் முதல் மூன்றில் ஒரு ஆம்பியர் வரை, அந்தப் பல்பின் வழியாகவே போகிறது. பழைய மீட்டர் கூட்டைக் கழற்றிவிட்டுப் புதிதை மாட்டி, பல்புக்குப் பதில் ஒரு எல்.இ.டி. வைத்தால், அதன் வழியே சில மில்லி ஆம்பியரே போகும். மின்னாக்கி விழித்துக்கொள்ளாமல் போகலாம். பாட்டரி மட்டும் வற்றிக்கொண்டே வரும். மெக்கானிக் பாட்டரியைச் சந்தேகிப்பார், பிறகு மின்னாக்கியைச் சந்தேகிப்பார். மாற்றியது ஒரு விளக்குதானே என்று யாருக்கும் தோன்றாது. எல்.இ.டி.க்குப் பக்கவாட்டில் 36 முதல் 48 ஓம் வரையிலான மின்தடை ஒன்றை இணைத்தால் தீர்ந்தது. 12 வோல்ட்டில் அது 3, 4 வாட் வெப்பத்தைத் தாங்க வேண்டியிருக்கும் என்பதால் 10 வாட் அளவில் வாங்குங்கள்.

பழைய மீட்டரைக் கழற்றும் முன் ஒரு வேலை செய்யுங்கள். அதன் தூர எண்ணையும் அன்றைய தேதியையும் சர்வீஸ் புத்தகத்தில் எழுதி வையுங்கள். புதிய மீட்டர் 0இலிருந்து தொடங்கும். அடுத்த ஆயில் மாற்றத்துக்கும் செயின் மாற்றத்துக்கும் இரண்டையும் கூட்டித்தான் கணக்குப் பார்க்க வேண்டும். நாளை வண்டியை விற்கும்போது வாங்குபவரிடம் காட்டவும் அந்தப் பக்கம் வேண்டும்.