ஒரு எம்.பி. தொண்ணூறு பைசா

2007 ஜனவரி 1 அன்று பி.எஸ்.என்.எல். தன் பிராட்பேண்ட் இணைப்புகளின் வேகத்தை 256 கே.பி.பி.எஸ்.-இலிருந்து 2 எம்.பி.பி.எஸ். வரை உயர்த்தியது. எட்டு மடங்கு வேகம், மாத வாடகையில் ஒரு ரூபாய்கூட ஏற்றமில்லை. தொலைத்தொடர்பு அமைச்சராக இருந்த தயாநிதி மாறன் அந்த ஆண்டையே ‘பிராட்பேண்ட் ஆண்டு’ என்று அறிவித்திருந்தார். புத்தாண்டுப் பரிசு போலத்தான் தெரிந்தது. பென்சிலை எடுத்தவர்களுக்கு மட்டும் வேறு மாதிரி தெரிந்தது.

கட்டணப் பட்டியலின் முதல் வரி ஹோம் 250. மாதம் ₹250, அதற்குள் 1 ஜி.பி., தாண்டினால் ஒவ்வொரு எம்.பி.க்கும் 90 பைசா. 2 எம்.பி.பி.எஸ். வேகத்தில் ஒரு வினாடிக்குக் கால் எம்.பி. இறங்கும். அப்படியானால் ஒரு மாதத்துக்கான 1 ஜி.பி. மொத்தமும் 68 நிமிடத்தில் காலி. ஒன்றாம் தேதி காலையில் உட்கார்ந்தால் டிபனுக்கு முன்னால் மாதம் முடிந்துவிடும். அதற்குப் பிறகு நிமிடத்துக்கு 15 எம்.பி., அதாவது ₹13.50. ஒரு மணி நேரத்துக்கு ₹810. பழைய 256 கே.பி.பி.எஸ். வேகத்தில் இதே ஒரு மணி நேரத்தில் ₹100 அளவுக்குத்தான் ஓடியிருக்கும். குழாயை அகலமாக்கிவிட்டு மீட்டரை அப்படியே விட்டால் வேறென்ன ஆகும்?

இந்தக் கணக்கை ஏன் கள்ளக்குறிச்சிப் பக்கத்து வடக்கனந்தலை வைத்துப் பார்க்க வேண்டும்? சென்னையிலோ கோவையிலோ இருந்தவருக்குப் பில் கசந்தால் போக வேறு ஓரிரு கடைகள் இருந்தன. கோமுகி அணைப் பக்கம், கல்வராயன் மலையடிவாரத்தில், கரும்பும் மரவள்ளியும் விளையும் ஒரு பேரூரில் வீட்டுக்குள் வரும் செம்புக் கம்பி ஒன்றே ஒன்றுதான். கள்ளக்குறிச்சி அப்போது தனி மாவட்டமும் இல்லை. 2019 நவம்பர் வரை விழுப்புரத்தின் ஒரு மூலை. எஸ்.டி.டி. கோடு 04151, கம்பிக்குச் சொந்தக்காரர் ஒருவர், பில் ஒருவருடையது, லைன்மேனும் அவருடைய ஆள். மாறுவது என்று இங்கே யாராவது சொன்னால் அது கம்பெனி மாறுவதாக இருக்க முடியாது. பிளான் மாறுவதுதான்.

அந்தப் பிளான் மாற்றத்தில் கிடைத்த ஆதாயமே பெரியது என்பதுதான் வேடிக்கை. மாதம் 2 ஜி.பி. செலவழிக்கும் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். டெலிபோன் வாடகை, மோடம் வாடகை இரண்டையும் ஒதுக்கிவிட்டு, பிராட்பேண்ட் பகுதி மட்டும்:

ஹோம் 250 வாடகை: ₹250.00
கூடுதல் 1,024 எம்.பி., 90 பைசா வீதம்: ₹921.60
சேவை வரி 12.36%: ₹144.81
கட்ட வேண்டியது: ₹1,316.41

அதே வீடு, அதே 2 ஜி.பி., ஹோம் 500-இல் இருந்திருந்தால் வரியோடு ₹561.80. அந்தப் பிளானில் 2.5 ஜி.பி. வரை சேர்த்தி. குறைந்த வாடகையைப் பார்த்துச் சேர்ந்தவர் மாதம் ₹754.61 அதிகம் கட்டினார். எல்லைக்கோடு எங்கே என்றும் போட்டுவிடலாம்: ஹோம் 250-இல் 278 எம்.பி. கூடுதலாகப் போனாலே 500 ரூபாய்ப் பிளான் மலிவு. ஹோம் 500-இல் கூடுதல் எம்.பி.க்கு 80 பைசா. அங்கே 500 எம்.பி. தாண்டினால் 900 ரூபாய் அன்லிமிடெட் மலிவு. 1,302 எம்.பி., 3,060 எம்.பி. என்ற இந்த இரண்டு எண்களைச் சீட்டில் எழுதி மானிட்டரில் ஒட்டியவர் தப்பித்தார். எத்தனை எம்.பி. போயிருக்கிறது என்று பார்க்கக் கம்பெனியின் இணையதளத்துக்குப் போக வேண்டும், போனால் அதற்கும் கொஞ்சம் எம்.பி. போகும் என்பது வேறு கதை.

900 ரூபாய் அன்லிமிடெட்டில் வேகம் பழைய 256 கே.பி.பி.எஸ். தான். ஆனாலும் 30 நாளும் இரவு பகல் நிறுத்தாமல் ஓடவிட்டால் 81,000 எம்.பி. இறங்கும். எம்.பி. ஒன்றுக்கு 1.1 பைசா. ஒரே எக்ஸ்சேஞ்ச், ஒரே கம்பி. ஒருவருக்கு 90 பைசா, பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒரு பைசா சொச்சம். எண்பது மடங்கு வித்தியாசத்தில் ஒரே பொருளை விற்கும் கடையைச் சந்தைத் தெருவில் நடத்த முடியுமா? எதிர்க்கடை இருந்தால் முடியாது.

இன்னொரு சந்து இருந்தது. ஹோம் 500-இல் அதிகாலை 2 மணி முதல் 8 மணி வரை கணக்கே கிடையாது. ஆறு மணி நேரம், மணிக்கு 900 எம்.பி., ஆக 5,400 எம்.பி. பகலில் இறக்கினால் ₹4,320 ஆகும் சரக்கு ராத்திரியில் சும்மா. ஒரு சிடியில் அடங்கும் 700 எம்.பி. படம் 47 நிமிடத்தில் வந்துவிடும். கல்லூரிப் பையன்கள் இரண்டு மணிக்கு அலாரம் வைத்தார்கள்; கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் டவுன்லோடு மேனேஜரில் நேரம் குறித்துவிட்டுத் தூங்கினார்கள். ஒரு முனிவரைப் போல அதிகாலையில் எழும் பழக்கத்தை அந்தத் தலைமுறைக்குக் கற்றுக்கொடுத்தது இந்தப் பிளான்தான்.

நியாயமாகப் பேசினால், இதற்கு முந்தைய நிலைமையையும் கணக்கில் எழுத வேண்டும். 1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்தது. தனியார் நிறுவனங்களுக்கு வழிவிட்டது 1998 நவம்பரில். டயல்-அப்பில் மட்டும் ஓர் உண்மையான விடுதலை இருந்தது: கம்பி யாருடையதாக இருந்தாலும் சத்யம் இன்ஃபோவே கார்டு வாங்கலாம், பி.எஸ்.என்.எல்.-இன் சஞ்சார்நெட் கார்டு வாங்கலாம், அடுத்த மாதம் மாற்றிக்கொள்ளலாம். மாறுவதற்கு ஆன செலவு ஒரு புது கார்டின் விலை. விண்ணப்பமோ ஆள் வருகையோ தேவையில்லை. ஆனால் கார்டுக்கு மேல் போன் பில் தனி. 3 நிமிடத்துக்கு ஒரு பல்ஸ், பல்ஸ் ₹1.20 என்று வைத்தால் மணிக்கு ₹24. மோடம் 56 கே.பி.பி.எஸ். முழு வேகத்தில் ஓடினால்கூட 400 எம்.பி. இறக்க 16 மணி 15 நிமிடம், பல்ஸ் செலவு ₹390. கிராமத்துக் கம்பியில் அந்த முழு வேகம் வரவே வராது. அத்தனை நேரமும் போன் எங்கேஜ்டு. பெங்களூரில் வேலை பார்க்கும் மகன் கூப்பிட்டால் கிடைக்காது. 2005 ஜனவரி 14, தைப்பொங்கல் நாளில், பி.எஸ்.என்.எல். டேட்டாஒன் பிராட்பேண்டைத் தொடங்கியபோது அதே 400 எம்.பி.க்கு மூன்றரை மணி நேரம் போதும் என்றானது, போனும் ப்ரீயாக இருந்தது. டயல்-அப்பை விட்டு வந்தவர் ஏமாந்தார் என்று சொல்ல முடியாது. கார்டு மாற்றும் உரிமையை மட்டும் வாசலில் விட்டுவிட்டு வந்தார்.

அந்த உரிமை எங்கே போனது என்பதற்குத் தேதி இருக்கிறது. 2004 ஏப்ரலில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் தந்த பரிந்துரை: பி.எஸ்.என்.எல்., எம்.டி.என்.எல். ஆகியவற்றின் செம்புக் கம்பிகளை வாடகைக்கு மற்ற நிறுவனங்களுக்கும் பிரித்துக் கொடுக்கச் செய்யுங்கள். 2004 அக்டோபர் 14 அன்று வந்த பிராட்பேண்ட் கொள்கை அதைக் கட்டாயமாக்கவில்லை. நிறுவனங்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டது. யார் பேசப்போகிறார்கள்? ஜப்பானில் 2001-இலேயே யாஹூ பி.பி. இன்னொருவரின் கம்பியில் ஏறி 8 எம்.பி.பி.எஸ். விற்றுக்கொண்டிருந்தது. பிரிட்டனில் 2007 பிப்ரவரி முதல், வாடிக்கையாளர் கேட்டால் ஐந்து வேலை நாளுக்குள் இடமாற்றக் குறியீடு தந்தே ஆக வேண்டும், அது 30 நாள் செல்லும் என்று அந்நாட்டு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம் விதி போட்டது. அங்கே கம்பி ஒருவருடையது, கடை பலருடையது. இங்கே இரண்டும் ஒருவருடையது.

விளைவை அதே கொள்கை வைத்த இலக்குகளே காட்டும். 2005 முடிவில் 30 லட்சம் பிராட்பேண்ட் இணைப்புகள் என்றது. வந்தது 9 லட்சம் அளவு. 2007 முடிவில் 90 லட்சம் என்றது. 31 லட்சம் அளவு. 2010 முடிவில் 2 கோடி என்றது, ஏறத்தாழ 1.1 கோடி. கம்பியைப் பிரித்துக் கொடுத்திருந்தால் இலக்கு நிறைவேறியிருக்கும் என்று அடித்துச் சொல்ல முடியாது; கணினியின் விலையும் மின்வெட்டும் குறுக்கே நின்றன. ஆனால் எம்.பி.க்கு 90 பைசா என்ற வரி அவ்வளவு காலம் பட்டியலில் உட்கார்ந்திருக்காது என்று நான் அடித்துச் சொல்வேன்.

கடைசியில் மாற்றம் வந்தது கம்பி வழியாக இல்லை, டவர் வழியாக. முதலில் யு.எஸ்.பி. டேட்டா கார்டுகள் வந்தன. நகரத்தில் 3.1 எம்.பி.பி.எஸ். வரை என்று விளம்பரம். நகரத்தை விட்டு வெளியே வந்தால் பெரும்பாலும் 144 கே.பி.பி.எஸ். கிடைக்கும், அதில் 700 எம்.பி. படம் இறங்க 11 மணி நேரம். அந்தக் கதையை நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை.

பேச்சுப் பக்கம்தான் சூடு பிடித்தது. 2003 மே 1 முதல் மொபைலுக்கு வரும் அழைப்பு இலவசம். 2006 மார்ச் 1 முதல் பி.எஸ்.என்.எல். ‘ஒன் இந்தியா’ திட்டத்தில் நாட்டின் எந்த மூலைக்கும் நிமிடம் ₹1. 2009 ஜூனில் டாடா டோகோமோ வினாடிக்கு 1 பைசா என்றதும் மற்றவர்களும் வழிக்கு வந்தார்கள். சிம் மாற்றுவது மலிவு, நம்பர் மாற்றுவதுதான் விலை. கரும்பு வெட்டு ஆள் முதல் லாரிக்காரர் வரை அத்தனை பேரிடமும் இருக்கும் நம்பரை மாற்ற எந்த வியாபாரிக்கும் மனம் வராது. 2010 நவம்பர் 25 அன்று அரியானாவிலும் 2011 ஜனவரி 20 முதல் நாடு முழுவதும் நம்பர் மாறாமல் கம்பெனி மாறும் ‘போர்ட்’ வசதி வந்தபோது அந்தப் பூட்டு திறந்தது. கட்டணம் ₹19. 1900-க்கு ஒரு எஸ்.எம்.எஸ்., வந்த குறியீட்டோடு கடையில் ஒரு படிவம், ஏழு வேலை நாள். மீதி பேலன்ஸ் போய்விடும், 90 நாளுக்கு மறுபடி மாற முடியாது. 2019 நவம்பரில் கட்டணம் ₹6.46 ஆகவும், அடுத்த மாதமே மாறும் நேரம் ஒரே மாநில வட்டத்துக்குள் மூன்று வேலை நாளாகவும் குறைந்தன. 2024 ஜூலைக்குள் நாடு முழுவதும் போர்ட் கோரிக்கைகள் 100 கோடியைத் தாண்டிவிட்டன.

அந்தப் பத்தொன்பது ரூபாயின் அருமையைத் தமிழ்நாடு உணர்ந்தது 2018 பிப்ரவரியில். 1999 முதல் இங்கே வேரூன்றிய ஏர்செல்லின் சிக்னல் திடீரென்று செத்தது. நாடு முழுவதும் ஏறத்தாழ 8 கோடி வாடிக்கையாளர்கள் வைத்திருந்த நிறுவனம் பிப்ரவரி 28 அன்று திவால் மனு கொடுத்தது. போர்ட் குறியீடு வாங்க எஸ்.எம்.எஸ். போக வேண்டும், எஸ்.எம்.எஸ். போக டவர் வேண்டும். டவர் இருந்தால் எதற்கு மாற வேண்டும்? கிராமத்துக்காரர்கள் சிக்னல் கிடைக்கும் இடம் தேடி டவுனுக்கு வந்து நின்றார்கள். வெளியேற டிராய் ஏப்ரல் 15 வரை அவகாசம் கொடுத்தது.

வடக்கனந்தலை அடுத்த கச்சிராயப்பாளையத்திலிருந்து வெள்ளிமலைக்குப் போகும் சாலையில் ஏறினால் இந்தக் கணக்கு முழுவதும் தலைகீழாகிறது. ஒரு டவரும் எட்டாத குடியிருப்புக்குப் போர்ட் வசதி எதற்கு? 2022 ஜூலையில் மத்திய அமைச்சரவை நாடு முழுவதும் 4ஜி எட்டாத 24,680 கிராமங்களுக்கும், 2ஜி/3ஜி மட்டுமே உள்ள 6,279 கிராமங்களுக்குமாக ₹26,316 கோடி ஒதுக்கியது. வகுத்தால் ஒரு கிராமத்துக்கு ₹85 லட்சம். சமவெளியில் ஒருவர் கம்பெனி மாற ஆன செலவு ₹19. மலையில் ஒருவருக்கு முதல் சிக்னல் கொடுக்க ஊர் ஒன்றுக்கு ₹85 லட்சம். எந்தத் தனியாரும் போட்டிக்காக இந்தத் தொகையைப் போடமாட்டார். அதனால் மலைக்கு டவர் என்பது சந்தையின் வேலையாக ஒருநாளும் இருக்காது, அரசின் வேலைதான்.

டேட்டா விலையின் கடைசி வரி: அன்று 90 பைசா வீதம் 1 ஜி.பி. ₹921.60. அரசின் கணக்குப்படி 2014-இல் ₹269. ஜியோ 2016 செப்டம்பரில் வந்த பிறகு சில ஆண்டுகளில் பத்து ரூபாய்ப் பக்கம்.

தரைவழி எண்ணை வேறு நிறுவனத்துக்கு எடுத்துப்போகும் வசதி மட்டும் இந்தியாவில் இன்றுவரை வரவில்லை. மொபைல் நம்பர் உங்களோடு வரும். 04151-இல் தொடங்கும் நம்பர் கம்பியோடு போய்விடும். இப்போது வீட்டுக்கு ஃபைபர் போடச் சொல்லி ஆள் வந்தால், மாத வாடகையை மட்டும் கேட்டுவிட்டு அனுப்பாதீர்கள். எத்தனை ஜி.பி.க்குப் பிறகு வேகம் குறையும், மோடத்துக்குக் கட்டிய டெபாசிட் எப்போது திரும்பும், நடுவில் விட்டால் என்ன பிடிப்பார்கள் என்ற மூன்றையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.