உங்களுக்குத் தெரியுமா? தழும்பு சொல்லும் சேதி

பிறந்த குழந்தைக்கு இடது கையின் மேற்பகுதியில் போடும் பி.சி.ஜி. தடுப்பூசியின் தழும்பு, காய்ச்சலின்போது திடீரெனச் சிவந்து தடித்தால் அது கவாசாகி நோயின் அறிகுறியாக இருக்கலாம்!

• குழந்தைகளின் ரத்தக் குழாய்களில் ஏற்படும் அழற்சி இது. பெரும்பாலும் 5 வயதுக்கு உட்பட்டவர்களையே தாக்கும். ஜப்பானியக் குழந்தைநல மருத்துவர் டோமிசாகு கவாசாகி, 50 குழந்தைகளிடம் கண்டதைத் தொகுத்து 1967-ல் வெளியிட்டார்.

• விடாத காய்ச்சல், பீளை இல்லாத செங்கண், வெடித்துச் சிவந்த உதடு, ஸ்ட்ராபெர்ரி போன்ற நாக்கு, உடலில் தடிப்பு, கை கால் வீக்கம், கழுத்தில் நெறிகட்டுதல் ஆகியவை முக்கிய அறிகுறிகள்.

• டயப்பர் கட்டும் இடத்தில் முதல் வாரத்திலேயே தோல் உரியலாம். நகத்தை ஒட்டிய விரல் நுனி 2–3 வாரங்களில் உரியும். ஓரிரு மாதம் கழித்து நகங்களின் குறுக்கே பள்ளக்கோடு தெரியலாம்.

• சிகிச்சை இல்லாவிட்டால் சுமார் 25 சதவீதம் பேருக்கு இதயத் தமனிகள் வீங்கும். காய்ச்சல் தொடங்கி 10 நாட்களுக்குள் இம்யூனோகுளோபுலின் மருந்தை ஏற்றினால், இந்த ஆபத்து சுமார் 4 சதவீதமாகக் குறையும்.

விரல் நுனி உரியும்வரை காத்திருக்காதீர்கள். காய்ச்சலுடன் இந்த அறிகுறிகளில் ஒன்றிரண்டு தெரிந்தாலே குழந்தைநல மருத்துவரிடம் காட்டுங்கள். தழும்பையும் மறக்காமல் காட்டுங்கள்.