கறுப்புத் திரையும் 446 பைட்டும்

லினக்ஸ் இருக்கும் பழைய கணினியில் விண்டோஸை மறுபடி நிறுவினால், அடுத்த முறை லினக்ஸ் மெனுவே வராது. பார்ட்டிஷன்களை மாற்றியமைத்தவர்களுக்கோ கறுப்புத் திரையில் 'கிரப் ரெஸ்க்யூ' என்ற ஒற்றை வரி வந்து நிற்கும். இந்த இடத்தில்தான் பலர் பதறிப்போய் டிஸ்க்கையே ஃபார்மட் செய்துவிடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். உங்கள் படங்களும் கோப்புகளும் பெரும்பாலும் வைத்த இடத்திலேயே பத்திரமாக இருக்கும்.

பழைய பயாஸ் கணினி, டிஸ்க்கின் முதல் செக்டாரைத்தான் முதலில் படிக்கும். அது மொத்தமே 512 பைட். அதில் 446 பைட், இயங்குதளத்தை எழுப்பும் பூட்லோடரின் முதல் துண்டுக்கு. 64 பைட் பார்ட்டிஷன் அட்டவணைக்கு. மிச்சம் 2 பைட் அடையாள முத்திரை. இத்துனூண்டு இடத்தில் முழு நிரலும் அடங்காது. அதனால், 1995-ல் எரிக் போலின் உருவாக்கிய கிரப் என்ற பூட்லோடர் கட்டம் கட்டமாக எழுகிறது. முதல் துண்டு, பார்ட்டிஷன் தொடங்குமுன் இருக்கும் காலி செக்டார்களில் உள்ள மையப் பகுதியை ஏற்றும். மையப் பகுதி லினக்ஸ் பார்ட்டிஷனுக்குள் போய் கிரப் கோப்புறையைத் தேடி எடுத்து மெனுவைக் காட்டும்.

விண்டோஸ் அழிப்பது அந்த முதல் துண்டை. 'ரெஸ்க்யூ' வந்தால் நிலைமை இன்னும் நல்லது: மையப் பகுதி எழுந்துவிட்டது, கோப்புறைதான் அகப்படவில்லை. 'எல்எஸ்' என்று தட்டுங்கள். பார்ட்டிஷன்கள் அடைப்புக்குறிகளுக்குள் வரிசையாகத் தெரியும். ஒவ்வொன்றின் உள்ளேயும் பாருங்கள். கிரப் கோப்புறை இருக்கும் இடத்தை 'பிரிஃபிக்ஸ்' என்பதில் குறித்து, 'நார்மல்' மாட்யூலை ஏற்றி இயக்கினால் மெனு திரும்ப வரும். கணினி வேலையில் இவ்வளவு மனநிறைவு தரும் நிமிடம் எனக்கு வேறில்லை. ஆனால் இது அந்த ஒரு முறைக்குத்தான். லினக்ஸுக்குள் போனதும் 'கிரப் இன்ஸ்டால்' கட்டளையைக் கொடுக்க வேண்டும், பார்ட்டிஷனுக்கு அல்ல, முழு டிஸ்க்குக்கு. பிறகு 'அப்டேட் கிரப்'. முதல் துண்டே போயிருந்தால் லைவ் பென் டிரைவில் பூட் செய்து, லினக்ஸ் பார்ட்டிஷனை மவுண்ட் செய்து, அதற்குள் நுழைந்து இதே கட்டளைகளைக் கொடுக்கலாம். லினக்ஸ் பார்ட்டிஷனையே அழித்துவிட்டிருந்தால், தேட அங்கே கோப்புறையே இருக்காது. விண்டோஸ் நிறுவும் டிஸ்க்கில் பூட் செய்து அதன் பூட்லோடரை மீட்க வேண்டியதுதான்.

புதிய யுஇஎஃப்ஐ கணினிகளில் பூட்லோடர் தனிப் பார்ட்டிஷனில் சாதாரணக் கோப்பாக இருக்கும். பல நேரம் செட்டிங்கில் பூட் வரிசையை மாற்றினாலே போதும்.

பயாஸ் கணினியில் முதல் செக்டாரின் பழைய நகல் கையில் இருந்தால் கவனம். முழு 512 பைட்டையும் திரும்ப எழுதினால் அன்றைய பார்ட்டிஷன் அட்டவணையும் சேர்ந்து வந்து இன்றையதை அழித்துவிடும். முதல் 446 பைட்டை மட்டும் எழுதுங்கள்.