கமராவின் வில்லையும் விம்பமும்

ஒளியியல் பயிலும் மாணவர் குவிவு வில்லையொன்றைக் கீறி, பொருளின் உச்சியிலிருந்து இரு கதிர்களை வரைவர். தலைமையச்சுக்குச் சமாந்தரமாக வருவது முறிந்து குவியத்தினூடாகச் செல்லும். வில்லையின் மையத்தை நோக்கி வருவது திசைமாறாது செல்லும். அவை சந்திக்குமிடமே விம்பத்தின் உச்சியாம். வரைபடம் பிழையன்று, ஆயின் அதனாற் பிறக்கும் எண்ணம் பலவேளை பிழையாகின்றது. வில்லையின் மேற்பாதியைக் காகிதத்தால் மறைத்தால் யாது நிகழுமென வினவின், பாதி விம்பமே தோன்றுமென விடையிறுப்போர் பலர். உண்மையில் முழு விம்பமுந் தோன்றும். அதன் ஒளிர்வு மாத்திரமே குறையும்.

பொருளின் ஒவ்வொரு புள்ளியும் எண்ணிறந்த கதிர்களை வீசுகின்றது. அவற்றுள் வில்லையின் முகத்தில் வீழ்வன யாவும் சேர்ந்து ஒரு கூம்பாகும். வில்லை அக்கூம்பினை மறுபுறத்தே குவியச்செய்து மீண்டும் ஒரு புள்ளியிற் சேர்க்கின்றது. கண்ணினுள் விம்பம் இவ்வாறே அமைகின்றதென 1604 ஆம் ஆண்டில் விளக்கியவர் கெப்ளர். வில்லையிற் பாதியை மறைத்தால் ஒவ்வொரு கூம்பும் பாதியாகுமேயன்றி, எப்புள்ளியும் விடுபடாது. கோயிற் கோபுரமொன்றைப் படம்பிடிக்கும்போது, அதன் உச்சியிலிருந்து அச்சுக்குச் சமாந்தரமாக வருங் கதிர் கமராவுக்கு மேலே வெகு உயரத்திற் சென்றுவிடும், வில்லையைத் தொடுவதேயில்லை. எனினும் விம்பத்தின் இடத்தைக் காண அக்கதிரையே வரைகின்றோம்! வரையுங் கதிர் கணிப்புக்கு உதவுவது; விம்பத்தை ஆக்குவது கூம்பு.

ஊசித்துளைப் பெட்டியில் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு மெல்லிய கதிர்க்கற்றையே கிடைத்தலின் விம்பம் மங்கலானது. ஆனால் திரையை எங்கு வைப்பினுந் தோன்றும். வில்லையோ ஒளியை மிகுதியாகத் தந்து, திரையின் இடத்தைக் கட்டுப்படுத்துகின்றது. பொருட்டூரம், விம்பத்தூரம் என்பவற்றின் நிகர்மாறுகளின் கூட்டுத்தொகை குவியத்தூரத்தின் நிகர்மாறுக்குச் சமன். குவியத்தூரம் 50 மில்லிமீற்றராகவுள்ள வில்லைக்கு முன் 3 மீற்றர் தூரத்தில் ஒருவர் நின்றால், அவரது விம்பம் வில்லைக்குப் பின் 50.85 மில்லிமீற்றரில் அமையும். 1.6 மீற்றர் உயரமுடையவர் 27 மில்லிமீற்றராகச் சுருங்குவர். 36 மில்லிமீற்றர் நீளமுள்ள படச்சட்டத்தை நிமிர்த்திப் பிடித்தால் அதில் அடங்குவர்.

படச்சுருளோ மின்னுணரியோ 50 மில்லிமீற்றரிலேயே இருந்துவிடின், கூம்பு கூராகுமுன் வெட்டுப்பட்டு, ஒவ்வொரு புள்ளியும் சிறு வட்டமாகும். வில்லையின் துவாரம் 25 மில்லிமீற்றராயின் அவ்வட்டத்தின் விட்டம் ஏறக்குறைய 0.4 மில்லிமீற்றர். துவாரத்தை எட்டிலொன்றாகச் சுருக்கினால் அது 0.05 மில்லிமீற்றராகும்; படமுந் தெளியும். ஆயின் ஒளி 64 இலொன்றாகக் குறைதலின், அதே அளவு ஒளியைப் பெற 64 மடங்கு நேரம் வேண்டும். ஓரிடத்தில் நில்லாத சிறுவரைப் படம்பிடிப்போர்க்கு அது இயலாது. அவர் வில்லையைச் சற்று முன்னகர்த்தியே ஆதல் வேண்டும்.