தூள் கூடினால் வேலையை நிறுத்து

செல்லிப்பட்டில் சங்கராபரணி ஓரத்து வயல்களில் போர் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். ரிக் ஓட்டுபவரின் கண் இயந்திரத்தைவிடக் குழியிலிருந்து வெளிவரும் சேற்றின் மேல்தான் இருக்கும். மணல் மாறுகிறதா, களி வருகிறதா, ராடு திடீரென்று சரசரவென இறங்குகிறதா? பார்க்க முடியாத ஆழத்தைப் பற்றி அவருக்குக் கிடைக்கும் தகவல் அவ்வளவுதான். நிலத்தடி நிலக்கரிச் சுரங்கங்களில் தொழிலாளர் உயிரைக் காக்கும் ஒரு சோதனையும் இப்படித் துளையில் வருவதைப் பார்த்துச் செய்வதுதான்.

நிலத்துக்குள் அடைபட்ட அழுத்தம் என்ன செய்யும் என்பதற்கு உதாரணம் பக்கத்திலேயே இருக்கிறது. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிப் படுகைக்கு அடியில் ஆர்ட்டீசியன் நீர் இருக்கிறது. சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ அழுத்தத்தில் அது மேல்நோக்கி முட்டுகிறது. 60, 80 மீட்டர் உயரம் நிற்கும் நீரின் அழுத்தம் அது. மேலிருக்கும் மண்ணை அள்ளிவிட்டால் சுரங்கத்தின் தரையையே பிளந்துகொண்டு நீர் வந்துவிடும். அதனால் முன்கூட்டியே ஆழ்துளைகள் போட்டு, அழுத்தத்தை அளந்து, நீரை இறைத்துக் குறைத்துக்கொண்டே இருக்கிறார்கள். அந்த மோட்டார்களுக்கு ஓய்வே கிடையாது. நெய்வேலி திறந்தவெளிச் சுரங்கம் என்பதால் ஆபத்து அடியிலிருந்து வருகிறது. ஆழ்சுரங்கத்திலோ அது எதிரே உள்ள கரிச்சுவரான வெட்டுமுகத்திலிருந்து வரும்.

நிலக்கரியின் நுண்துளைகளில் மீத்தேன் அல்லது கரியமில வாயு அடைந்திருக்கும். ஆழம் கூடக் கூடப் பாறையின் சுமையும் வாயுவின் அழுத்தமும் கூடும். பூமி அசைவால் நொறுங்கி மெத்தென்று ஆகிப்போன கரி எங்காவது இருந்து, அதற்குப் பக்கத்தில் வெட்டுமுகம் நெருங்கினால், சுவர் தாங்காது. கரியும் வாயுவும் சேர்ந்து ஒரே வீச்சில் சுரங்கப் பாதைக்குள் பீறிடும். பிரான்சின் லுவார் படுகையில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இப்படி ஒன்று பதிவானது. 1969-ல் உக்ரைனின் தோனெத்ஸ்க் பகுதியிலுள்ள ககாரின் சுரங்கத்தில் 14,000 டன்னுக்கு மேல் கரியும் சுமார் இரண்டரை லட்சம் கன மீட்டர் வாயுவும் வெளிவந்தன. கரிக்குள் புதைவதைவிட, வாயுவில் மூச்சுத் திணறிச் சாவதுதான் தொழிலாளர்களுக்கு அதிகம் நேரும் ஆபத்து.

இப்படிப் பீறிடும் ஆபத்தை முன்கூட்டியே அறிய, சீனச் சுரங்கங்களில் வெட்டுமுகத்தில் 42 மில்லிமீட்டர் விட்டத்தில், 8 முதல் 10 மீட்டர் நீளத்துக்குத் துளையிடுகிறார்கள். ஒவ்வொரு மீட்டருக்கும் வெளியே வரும் தூளை எடை போடுகிறார்கள். கணக்கு எளிது. அந்த விட்டத்தில் ஒரு மீட்டர் துளையின் கொள்ளளவு சுமார் 1.4 லிட்டர், அதிலிருந்து வரவேண்டிய கரி ஏறத்தாழ 1.9 கிலோ. ஆனால் எச்சரிக்கை எல்லை 6 கிலோ. மூன்று மடங்கு எங்கிருந்து வந்தது? சுற்றியுள்ள கரி பாரத்தால் நசுங்கித் துளைக்குள் பிதுங்குகிறது, வாயுவும் அதை உந்துகிறது. துளை போட்டுக்கொண்டிருக்கும்போதே உள்ளே சரிந்து விரிகிறது. எவ்வளவு கூடுதல் தூள் வருகிறதோ, எதிரே அவ்வளவு நெருக்கம் இருக்கிறது.

எடையோடு விடுவதில்லை. ஒன்று முதல் மூன்று மில்லிமீட்டர் அளவுள்ள துகள்களைச் சலித்தெடுத்து ஒரு சிறு குப்பியில் அடைத்து, முதல் சில நிமிடங்களில் எவ்வளவு வேகமாக வாயு வெளியேறுகிறது என்று பார்க்கிறார்கள். இது இரண்டு மீட்டருக்கு ஒரு முறை. தூள் பாறையின் அழுத்தத்தைக் காட்டும். இந்தச் சோதனை கரியின் வாயுவைக் காட்டும்.

இந்த இரண்டு சோதனைகளுக்கும் பலவீனங்கள் உண்டு. ராடு ஆடினால் துளை அகன்று தூள் கூடும். ஈரக் கரி எடையைக் குழப்பும். துளைகளுக்கு நடுவே மெத்தென்ற கரி தப்பிவிடலாம். துகளைக் குப்பியில் அடைக்கத் தாமதமானால் வாயு அதற்குள் போய்விடும். அதனால்தான் ‘ஆபத்தில்லை’ என்று வந்தாலும், சோதித்த நீளம் முழுவதையும் வெட்டிவிடாமல் குறைந்தது இரண்டு மீட்டரை மிச்சம் வைக்க வேண்டும் என்கிறார்கள். துளைக்கருவியின் முறுக்குவிசை, அழுத்தம், இறங்கும் வேகம் ஆகியவற்றைத் தானாகப் பதிவு செய்து கணினிக்குக் கொடுக்கும் முயற்சிகளும் நடக்கின்றன. நல்லதுதான். ஆனால் தப்பான தூள் எடையைக் கொடுத்தால் கணினியும் தப்பான பதிலைத்தான் தரும்.

தமிழர்கள் தலைமுறை தலைமுறையாக இறங்கிய கோலார் தங்கவயலில் கதை வேறு. அங்கே நெருப்புப் பற்றும் வாயு பிரச்சினையில்லை. பிரச்சினை கடினமான பாறைதான். மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போன சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில், பாறையில் சேர்ந்த இறுக்கம் திடீரென்று விடுபட்டு வெடிக்கும். வெள்ளைக்காரர்கள் ஆரம்பத்தில் இதை ‘ஏர் பிளாஸ்ட்’ என்றார்கள். இறுக்கம் மிகுந்த பாறையில் துளையிட்டால், உள்ளேயிருந்து வரும் பாறைத் தண்டு முழுசாக வராமல் வில்லை வில்லையாக உடைந்து வரும். வில்லை மெலிதாக மெலிதாக இறுக்கம் அதிகம். ஆனால் துளை அது போன இடத்தைப் பற்றி மட்டுமே பேசும். கோலாரின் பாறைவெடிப்பு நூற்றுக்கணக்கான மீட்டர் சுற்றளவைக் கலக்கும். ஆகவே 1978-ல் பாபா அணு ஆராய்ச்சி மையம் அங்கே அதிர்வுமானி வலையமைப்பை நிறுவியது. 1988-ல் தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனமும் தங்கவயலிலேயே தொடங்கப்பட்டது. சுரங்கம் 2001-ல் மூடப்பட்டது.

மறுபடி நிலக்கரிச் சுரங்கத்துக்கு வருவோம். தூளோ வாயுவோ எச்சரிக்கை எல்லையைத் தாண்டினால் என்ன செய்வது? ஆட்களை வெளியேற்றி, பெரிய துளைகள் போட்டு வாயுவை உறிஞ்சி எடுத்து, மறுபடி சோதிக்க வேண்டும். நாள்கணக்கில் உற்பத்தி நின்றுபோகும். உற்பத்தி இலக்கோடு நிற்கும் மேலாளருக்கு இது கசக்கும். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் 1991-ல் சவுத் புல்லியில் மூவரும், 1994-ல் வெஸ்ட் கிளிஃபில் ஒருவரும் இறந்த பிறகு, அரசே குறுக்கிட்டது: துளையிட்டு எடுத்த கரியில் வாயு குறிப்பிட்ட அளவுக்கு மேல் இருந்தால், அதை வடிக்கும்வரை வழக்கமான முறையில் வெட்டக்கூடாது. இதில் மேலாளரின் அனுபவத்துக்கோ தைரியத்துக்கோ வேலையில்லை. என் பார்வையில் அந்த ஆணை எந்தப் புதுக் கருவிக்கும் குறைந்ததல்ல.