'எல்லோரும்' என்றால் யார் யார்?

(மூன்றாமாண்டு எலக்ட்ரானிக்ஸ் மாணவன்)

டி மார்கன் விதி தெரியாத டிப்ளமா மாணவன் உண்டா? டிஜிட்டல் எலக்ட்ரானிக்ஸ் பரீட்சையில் நமக்கு மார்க் வாங்கித் தரும் புண்ணியவான். அந்த அகஸ்டஸ் டி மார்கன் என்ற ஆங்கிலேயர் 1806-ல் பிறந்தது நம்ம மதுரையில்! கேட், சர்க்யூட் தாண்டி அவர் சொன்ன இன்னொரு விஷயத்தைத்தான் இங்கே எழுத ஆசைப்படுகிறேன்.

'ஏ' என்பது சிவப்புப் பொருள்கள் என்று வைத்துக்கொள்வோம். 'ஏ-பார்' என்றால் சிவப்பு அல்லாதவை. எவை? பச்சை பல்பா, இட்லியா, நிலாவா? எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று முதலில் ஒரு வேலி போட வேண்டும் என்றார் டி மார்கன், 1846-ல். 1854-ல் ஜார்ஜ் பூல் அதை விரித்து எழுதினார். எக்ஸ் என்ற மாறி எந்தெந்தப் பொருள்களைக் குறிக்கலாமோ, அவை அத்தனையும் சேர்ந்ததே அந்த வேலிக்குள் உள்ள களம்.

வேலி மாறினால் விடையும் மாறும். 'எந்த எண்ணை எடுத்தாலும் அதைவிடச் சிறியது உண்டு' என்பது முழு எண்களில் உண்மை. இயல் எண்களில் பொய். 1-க்குக் கீழே ஆளில்லை. 'வர்க்கம் 2 ஆகும் எண் உண்டு' என்பது பின்னங்களில் பொய், மெய்யெண்களில் உண்மை. வாக்கியத்தில் ஓர் எழுத்துகூட மாறவில்லை, கவனித்தீர்களா?

நம்ம பாஷையில் சொல்கிறேன். களத்தில் 3 பல்பு இருந்தால், 'எல்லாம் எரிகிறது' என்பது 3 இன்புட் ஆண்ட் கேட். 'ஒன்றாவது எரிகிறது' என்பது 3 இன்புட் ஆர் கேட். 'எல்லாம் எரிகிறது என்பது பொய்' என்றால், 'ஒன்றாவது எரியவில்லை' என்று அர்த்தம். மறுபடியும் டி மார்கன்!

பல்பே இல்லாவிட்டால்? 'எல்லாம் எரிகிறது' உண்மையாகிவிடும். எரியாத ஒன்றை யாராலும் காட்ட முடியாதே! ஆனால் 'ஒன்றாவது எரிகிறது' பொய். இந்த வம்பே வேண்டாமென்று, வழக்கமான தர்க்கவியலில் களத்தில் ஒரு பொருளாவது இருக்க வேண்டும் என்று வைத்துவிட்டார்கள்.

இது வெறும் ஏட்டுச் சுரைக்காய் என்று நினைக்காதீங்க. ஹாஸ்டல் மெஸ்ஸில் ராத்திரி, 'எல்லோரும் சாப்பிட்டாச்சா?' என்று கேட்கிறோம். 'ஆச்சு' என்று பதில் வருகிறது. பரிமாறிய அண்ணன் இன்னும் சாப்பிடவில்லை. யாரும் பொய் சொல்லவில்லை. நாம் போட்ட வேலிக்குள் அவர் இல்லை, அவ்வளவுதான்.

ஆகவே நண்பர்களே, 'அனைவருக்கும்' என்று எங்கே படித்தாலும், அந்த அனைவரில் யார் யார் என்று ஒரு தடவை கேளுங்கள். நம்ம சங்கம் ஒட்டுகிற நோட்டீஸைப் பார்த்தும்தான்!