ஜார்ஜிய மொழியின் கைகாட்டிகள்

மலர் என்றால் கவிதை இருக்கும், எந்திரம் பற்றிய கட்டுரை இருக்கும். நான் எழுத எடுத்துக்கொண்டதோ ஜார்ஜிய மொழி. தயவுசெய்து சிரிக்க வேண்டாம்! எங்கள் தெரு அக்கா ஒருவர் ஜார்ஜியா நாட்டின் தலைநகரான திபிலிசியில் டாக்டருக்குப் படிக்கிறார். பாடம் ஆங்கிலத்தில்தான். ஆனால் வார்டில் படுத்திருக்கும் நோயாளி அவர் பாஷையில்தானே பேசுவார்? லீவுக்கு வந்த அக்கா விட்டுப் போன மொழிப் புத்தகம் என் கைக்கு வந்தது. எங்கள் வீட்டில் சந்தேகம் கேட்கப் படித்தவர்கள் கிடையாது. ஞாயிறு ராத்திரி அக்காவின் போன்தான் எனக்கு வாத்தியார்.

33 எழுத்தையும் ஒரு வாரத்தில் பழகிவிட்டேன். குறில் நெடில் பேதம் இல்லை, வினையில் அவன் அவள் பேதமும் இல்லை. அப்பாடா என்றிருந்தது. அப்புறம்தான் மாட்டிக்கொண்டேன். அவர்கள் வினைச்சொல்லுக்கு முன்னால் ஒரு சின்ன அசை ஒட்டிக்கொண்டு நிற்கும். 'ஸ்ம்னிஸ்ட்ஸினி' என்று பெயர். வினைக்கு முன்னால் நிற்பது என்று அர்த்தம். நான் வைத்த பெயர் கைகாட்டி.

முதலில் அது திசை காட்டும். 'மி' என்றால் அந்தப் பக்கம், 'மொ' என்றால் பேசுகிறவர் இருக்கும் இந்தப் பக்கம். மிதிஸ், போகிறான். மொதிஸ், வருகிறான். நமக்குப் போ, வா என்று இரண்டு சொல் வேண்டும். அவர்களுக்கு நடை ஒன்றுதான், கைகாட்டிதான் வேறே. 'ஷெ' உள்ளே, 'க' (கங்கையில் வரும் க) வெளியே, 'அ' மேலே, 'ச்ச' கீழே. இவற்றோடு 'மொ' சேர்ந்தால் பேசுகிறவர் பக்கம் திரும்பிவிடும். கதவைத் தட்டினால் அறைக்குள் இருப்பவர் "ஷெமொதி" என்பார், உள்ளே வா. அவரும் நம்மோடு வெளியே நின்றால் "ஷெதி", உள்ளே போ. ஆள் எங்கே நிற்கிறார் என்பதை ஒரு 'மொ' காட்டிக்கொடுத்துவிடும்!

இதில் ஒரு வேடிக்கை. பத்தூமி கருங்கடல் ஓரத்து ஊர். திபிலிசி அதைவிட உயரம். ஆனாலும் பத்தூமியிலிருந்து திபிலிசி வந்தவனை 'ச்சமொவிதா', அதாவது கீழே வந்தான் என்பார்கள். தப்பு என்று நினைத்தேன். நாமும் மேட்டூருக்கே போனாலும் 'வந்து இறங்கினான்' என்றுதானே சொல்கிறோம்?

இரண்டாவது வேலைதான் கஷ்டம். 'ட்ஸெர்ஸ்' என்றால் எழுதுகிறான். முன்னால் 'த' போட்டுத் 'தட்ஸெர்ஸ்' என்றால் எழுதிவிடுவான். எதிர்காலம் வந்துவிட்டது! 'ட்ஸெர்தா' எழுதிக்கொண்டிருந்தான், 'தட்ஸெரா' எழுதினான், வேலை முடிந்தது. நாம் 'விடு', 'முடி' என்று வாலில் வைப்பதை அவர்கள் தலையில் வைக்கிறார்கள். (போவது வருவது இதற்கு விலக்கு. மொதிஸில் கைகாட்டி இருந்தாலும் அது நிகழ்காலமே. வருவான் என்பதற்கு 'மொவா'.)

எந்த வினைக்கு எந்தக் கைகாட்டி? அதற்குச் சூத்திரம் கிடையாது. 'அஷெனெப்ஸ்' கட்டிடம் கட்டுகிறான். கட்டுவான் என்பதற்கு 'அ' சேர்த்து 'அஅஷெனெப்ஸ்'. கட்டிடம் மேலே எழும்புகிறது, சரி. 'அகெதெப்ஸ்' செய்கிறான், 'கஅகெதெப்ஸ்' செய்வான். இங்கே 'வெளியே' எங்கிருந்து வந்தது? திசைப் பட்டியலை மட்டும் உருப்போட்டு வைத்திருந்த நான் இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டேன்.

திரும்பத் திறக்க வைத்தது அக்கா சொன்ன சங்கதி. வார்டில் ஒரு பாட்டியிடம் மருந்து பற்றி விசாரித்திருக்கிறார். பாட்டி சொன்னது "வ்ஸ்வம்தி". குடித்தேன் என்று அக்கா எழுதிக்கொண்டார். குடித்தேன் என்றால் 'த' வைத்துத் "தவ்லியெ" என்று வரவேண்டும். இதில் பகுதியே மாறிவிடுவதால் புதியவர்களுக்குக் குழப்பம். பாட்டி சொன்னது 'குடித்துக்கொண்டிருந்தேன்', நடுவில் நிறுத்திவிட்டார்! கூட நின்ற டாக்டர் கேட்டுத் திருத்தினாராம். அதிலிருந்து என் நோட்டில் ஒவ்வொரு வினையையும் ஜோடியாகத்தான் எழுதுகிறேன், கைகாட்டி இல்லாமல் ஒன்று, அதோடு ஒன்று.

இன்னொன்று, கைகாட்டி அர்த்தத்தையே மாற்றும். 'ட்ஸெர்ஸ்' ஒன்றை வைத்தே பாருங்கள். ச்சட்ஸெர்ஸ், குறித்துக்கொள்வான். கதட்ஸெர்ஸ், பார்த்து நகல் எழுதுவான் (நம் ரெக்கார்டு நோட்டுக்கு ரொம்பப் பொருத்தம்!). கமொட்ஸெர்ஸ், டாக்டர் மருந்து எழுதிக்கொடுப்பார். பத்திரிகைக்குச் சந்தா கட்டுவதும் அதே சொல்தான்.

எனக்குப் பிடித்த சொல் 'மிமொஸ்வ்லா'. 'ஸ்வ்லா' என்றால் நடை, செல்லுதல். மி அங்கே, மொ இங்கே. அகராதியைப் பார்க்காமலே புரிந்துவிட்டது. போக்கு, வரத்து. போக்குவரத்து! அடுத்த வரியில் 'மிமொட்ஸெரா' இருந்தது, அங்கேயும் இங்கேயும் எழுதுவது. கடிதப் போக்குவரத்து என்று நோட்டில் எழுதிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை வரை பொறுக்காமல் அக்காவுக்கு அன்றைக்கே போன் போட்டேன்.